தாமான் வீட்டு வாசலைத் திருத்தும் முன்: தண்ணீர், தரை, நிலை, பிறகுதான் தோரணம்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில்தான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடைகளில் பெயின்ட் டின்கள் வேகமாக நகரும். வீட்டு முகப்பில் கை வைக்க அதைவிட மோசமான மாதம் கிடையாது. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே ஒரு மழைக்காலம். அக்டோபர், நவம்பர் இன்னொன்று. இரண்டாவதில்தான் தீபாவளி வந்து விழுகிறது. சாயங்கால மழையில் ஊறிய சுவர் மறுநாள் காலையில் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஈரம் உள்ளே நிற்கும். அதன்மேல் பூசிய பெயின்ட் தைப்பூசத்துக்குள் கொப்புளம் கட்டி உரிய ஆரம்பித்துவிடும். ஆகவே இடிப்பது, பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் ஜூன், ஜூலையில். பெயின்ட் ஆகஸ்டில். கடைசி மாதத்துக்கு விளக்கும் செடியும் தோரணமும் மட்டும் மிச்சமிருக்கட்டும். கொத்தனார்களும் அப்போதுதான் ஓடாமல் நின்று வேலை செய்வார்கள்.

நம் பக்கத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) பல, பால்மரமோ (ரப்பர்) செம்பனையோ நின்ற நிலத்தில் எழுந்தவை. அதனால் வாசலுக்கு இரண்டு நிரந்தர விருந்தாளிகள் உண்டு: செம்மண், கறையான். நகரத்து அடுக்குமாடி வாசலுக்காக எழுதப்பட்ட அலங்காரக் குறிப்புகள் இந்த இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை. படத்தில் பார்த்த வெள்ளைத் தரையும் மர அலமாரியும் இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரை வாசற்படி ஓரமாக, கார் நிற்கும் போர்ச்சில் ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு கதவுப் பக்கம் இருந்தால் சரிவு தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். வேறு எதைச் செய்தாலும் அதைச் சரி செய்யாமல் செய்வது வீண். தரை கேட்டை நோக்கி எட்டு அடிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். கதவிலிருந்து கேட்டுக்குப் பத்து அடி என்றால் ஒன்றேகால் அங்குலம். ஹாலின் தரையைவிடப் போர்ச்சின் தரை குறைந்தது இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கொத்தனார் கையில் இருக்கும் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை வைத்து இரண்டு முனையையும் நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம். தரையில் ஒன்றேகால் அங்குலச் சரிவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இங்கேதான் பலர் சறுக்குவது. பழைய டைல்ஸை உடைக்கக் கூலியும் தூசியும் அதிகம் என்று அதன் மேலேயே புதியதை ஒட்டிவிடுவார்கள். டைல்ஸ் பத்து மில்லிமீட்டர், பசை ஐந்தாறு மில்லிமீட்டர்; தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். இரண்டு அங்குலத் தாழ்வு ஒன்றரையை விடக் குறைகிறது, கிரில்லின் அடிப்பட்டை தரையில் உரசுகிறது, கேட் உருளும் தண்டவாளம் பள்ளமாகிக் குளமாகிறது. மேலே ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பழைய டைல்ஸை ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வருவது பரவலாக இருந்தால் உடைத்தே ஆக வேண்டும். அடியில் பிடிப்பில்லாததன் மேல் எதை ஒட்டினாலும் இரண்டும் சேர்ந்தே கிளம்பும்.

டைல்ஸ் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். மழை சாரல் படும் தரைக்கு வழுக்காத மேற்பரப்பு வேண்டும். பெட்டியிலோ கடையின் விவரத்தாளிலோ ஆர்11 என்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்9 ஹாலுக்கு. நிறம் வெள்ளையும் வேண்டாம், கன்னங்கரேலும் வேண்டாம். வெள்ளையில் செம்மண் தெரியும், கறுப்பில் காய்ந்த தண்ணீரின் உப்புத் தடம் தெரியும். சாம்பல், மண் பழுப்பு இரண்டும் எதையும் காட்டிக்கொடுக்காது.

கணக்குக்கு ஒரு உதாரணம். போர்ச் பத்துக்குப் பதினெட்டு அடி, அதாவது 180 சதுர அடி. 24 அங்குல டைல்ஸ் ஒன்று நான்கு சதுர அடி, 45 வேண்டும். வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து விழுக்காடு சேர்த்து 50. பெட்டிக்கு நான்கு என்றால் 13 பெட்டி. மிஞ்சும் இரண்டு மூன்றைக் கட்டிலடியில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நிறம் கடையில் கிடைக்காது. பத்து மில்லிமீட்டர் பல் கரண்டியில் இழுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ பசை போகும். 25 கிலோ மூட்டை நான்கு போதும் என்று கணக்கு வரும், ஐந்து வாங்குங்கள். டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாகத் தடவித்தான் பெரிய அளவுகளை ஒட்ட வேண்டும். தரை இரண்டு பக்கமாகச் சரிகிறதென்றால் 24 அங்குலம் வேண்டாம், 12 அங்குலத்துக்கு இறங்குங்கள். பெரிய டைல்ஸ் வளையாது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், கால் விரல் இடிக்கும்.

நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சிமெண்டு வைத்து டைல்ஸை அமுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சுவருக்கு எப்படியோ போகட்டும், கார் ஏறும் தரையில் அதை அனுமதிக்கவே கூடாது. உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம். டயர் அந்த இடத்தில் ஏறும் நாளில் விரிசல். ஒட்டி முடித்த முதல் சில டைல்ஸில் ஒன்றை அப்போதே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். மேஸ்திரி முறைத்தால் முறைக்கட்டும்.

டைல்ஸுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. சுவரை ஒட்டிய விளிம்பில் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் விட்டு, அதில் சிமெண்டு போடாமல் சிலிக்கான் நிரப்ப வேண்டும். மத்தியான வெயிலில் தரை விரியும், மழை விழுந்ததும் சுருங்கும். விரிய இடமில்லாத தரைதான் ஒருநாள் ‘படார்’ என்று கூடாரம் போலக் கிளம்புகிறது. இடைவெளியை அடைக்கும் கிரௌட் அடர் சாம்பல் நிறத்தில் இருந்தால் செம்மண் கறை கண்ணை உறுத்தாது.

வாசற்படிக்கு ஈப்போ பக்கத்து மார்பிள் பலகை எளிதில் கிடைக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் நம் வாசலுக்கு அது ஆகாது. மார்பிள் சுண்ணாம்புக் கல் வகை; எலுமிச்சைச் சாறு பட்ட இடம் அரித்து மங்கிவிடும். வெள்ளிக்கிழமை எலுமிச்சை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைக்கிற வீட்டில் அந்தப் படி ஓர் ஆண்டில் திட்டுத் திட்டாகிவிடும். கிரானைட் வாங்குங்கள், முக்கால் அங்குலக் கனம், மேற்பரப்பு சொரசொரப்பாக, முன் விளிம்பு உருட்டி. விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் வெட்டச் சொன்னால் தண்ணீர் உள்பக்கம் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். கற்பூரத்தை நேராகக் கல்லிலோ டைல்ஸிலோ ஏற்றாதீர்கள். ஒரே புள்ளியில் சூடேறிப் பூச்சு மயிரிழையாகக் கீறும், கரியும் ஏறும். ஒரு பித்தளைத் தட்டு போதும். தேங்காய் உடைப்பதற்கென்று கேட் ஓரமாகக் கான்கிரீட்டில் ஒரு சதுர அடி விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

படியின் உயரம் ஆறு அங்குலம் சுகமானது, ஏழு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் முட்டி வலிக்காரர் இருந்தால், அல்லது சக்கர நாற்காலி வரக்கூடும் என்றால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதை வேண்டும். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி. அதைவிடக் குட்டையாகப் போட்டால் ஈரத்தில் சறுக்கு மரம்தான்.

கோலத்துக்கு இடம் திட்டமிட்டு விடுங்கள். படிக்கு முன்னால் மூன்றுக்கு மூன்று அடி, கரும்சாம்பல் நிறத்தில் பளபளப்பில்லாத டைல்ஸ். சுற்றியுள்ள தரையிலிருந்து நிறம் மாறுவதால் கோலம் போடாத நாளிலும் அது ஒரு விரிப்பு போல நிற்கும். வழுவழுப்பான தரையில் கோலமாவு பிடிக்காது, மோட்டார் சைக்கிள் நுழையும் காற்றிலேயே பறந்துவிடும். வண்ணப்பொடிச் சாயம் கிரௌட்டில் இறங்கினால் போகாது. அந்தச் சதுரத்துக்கு மட்டும் எபோக்சி கிரௌட் போடலாம், கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் பரப்பு சின்னது. அரிசி மாவு எறும்புக்கு நல்லதுதான். மழைக்காலத்தில் அது கூழாகிப் பூஞ்சணம் பிடிப்பதால் அன்றன்றே கழுவிவிட வேண்டும்.

இனி கறையான். பால்மரத்தை உயிரோடு அரிக்கும் இனம் கோப்டோடெர்மிஸ் கர்விக்னேத்தஸ். வீடுகளில் அதிகம் புகுவது அதன் உறவான கோப்டோடெர்மிஸ் கெஸ்ட்ரோயி. இரண்டும் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுபவை. முகப்பில் அவை முதலில் தொடும் மரம் நிலைவாசல். பழைய வீடுகளில் நிலையின் கால் தரைப் பூச்சுக்குள்ளேயே புதைந்திருக்கும். மாப் போடும் தண்ணீர் அதில் தினமும் ஊறும். ஈரமும் மரமும் சேர்ந்து கிடைத்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும். கத்தி முனையால் நிலையின் அடியில் ஆறு அங்குலம் வரை குத்திப் பாருங்கள். பெயின்ட் தோல் மட்டும் நின்று உள்ளே பொக்கென்று போனால் அந்தப் பகுதி முடிந்தது.

கெட்டது அடிப்பகுதி மட்டும் என்றால் முழு நிலையையும் பெயர்க்க வேண்டியதில்லை. சாய்வாக அறுத்து எடுத்துவிட்டு, அதே கனத்தில் கிரானைட் துண்டையோ செங்கால் மரத்தையோ கால் போலப் பொருத்தலாம். செங்கால் கறையானுக்கு எளிதில் மசியாது. மெராந்தி மலிவு, வாசலுக்குப் போதாது. ரப்பர் பலகையை வெளியே காட்டவே கூடாது. மேசை நாற்காலிக்கு நல்லது, ஈரம் பட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் ஒரே பருவத்தில் முடித்துவிடும். மண்குழாயைக் கண்டதும் ஸ்ப்ரே அடித்துக் கலைப்பது பெரிய தவறு. மேலே வந்தவை சாகும், கூடு பிழைத்து வேறு வழியாக வரும். குழாயைக் கலைக்காமல் விட்டுவிட்டு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டு இரை வைக்கச் சொல்லுங்கள். தொழிலாளிக் கறையான் அதைக் கூட்டுக்குக் கொண்டு போய் ஊட்டும். நிலையையும் கதவையும் மாற்றுவது அதற்குப் பிறகு.

மஞ்சள் குங்குமத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புதுப் பூச்சின்மீதும் புதுக் கிரௌட்டின்மீதும் மஞ்சள் பட்டால் சிவந்துவிடும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதே போல. சிமெண்டின் காரம்தான் காரணம். பூச்சு முடிந்து நான்கு வாரம் கழித்து, காரம் தாங்கும் சீலர் ஓர் அடி அடித்த பிறகே வெளிப்புறப் பெயின்ட் இரண்டு அடி. நிலைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு இருந்தால் மஞ்சள் மரத்துக்குள் இறங்காது. ஈரத்துணியால் துடைத்துப் புதிதாக இடலாம்.

கதவு விஷயத்தில் ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: ஆறு பக்கமும் வார்னிஷ். தலை விளிம்பும் அடி விளிம்பும் பூசாமல் மாட்டிய கதவுதான் மழைக்காலத்தில் உப்பி மாட்டிக்கொள்கிறது. மூன்றுக்கு ஏழு அடிக் கனமரக் கதவுக்கு நான்கு அங்குல ஸ்டெயின்லெஸ் கீல் மூன்று வேண்டும். பக்கங்களில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. நவம்பரில் இறுகும் கதவை நவம்பரிலேயே இழைக்காதீர்கள். பிப்ரவரியில் காற்று புகும் சந்தாகிவிடும்.

சுவரின் கீழ் இரண்டடிதான் மழைத்துளி செம்மண்ணைத் தெறித்து விளையாடும் இடம். அதுவரை டைல்ஸோ கல்லோ பதித்துவிட்டு மேலே வெளிர் நிறம் அடித்தால் ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் வாளியைத் தூக்க வேண்டாம். விளக்கு மாடம் வைக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது, தாமான் வீட்டுச் சுவர் பெரும்பாலும் அரைச்செங்கல் சுவர், பூச்சோடு ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் மாடம் குடைய இடமில்லை, பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் குடையவே கூடாது. வெளிப்பக்கமாக ஆறு அங்குலம் நீட்டிப் பெட்டி போலக் கட்டி, உள்ளே கிரானைட் பதியுங்கள். அகலம் எட்டு, உயரம் பன்னிரண்டு அங்குலம் இருந்தால் தீபத்தின் சூடு மேல்தட்டைத் தாக்காது.

பழைய மலிவு வீட்டின் முகப்புக் கூரையோ தட்டையான சீலிங் தகடோ அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கக்கூடும். விளக்கு மாட்டுகிறேன் என்று அதைத் துளைக்கவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம். தூசிதான் ஆபத்து.

அவ்னிங் (முகப்புச் சாய்கூரை) போடுபவர்கள் பாலிகார்பனேட் தகட்டின் எந்தப் பக்கம் வெயிலுக்கு என்று ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்கும் முன் பாருங்கள். புறஊதாப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் உள்ள தகடுதான் அதிகம். திருப்பிப் போட்டால் சீக்கிரமே மஞ்சளடித்து நொறுங்கும். உள்ளறைகள் உள்ள தகடு என்றால் அறைகள் சரிவின் திசையில் ஓட வேண்டும், மேல்முனையை அலுமினியத் தாளாலும் கீழ்முனையைக் காற்று மட்டும் போகும் நாடாவாலும் மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பாசி வளரும், துடைக்க வழியே இல்லை. வெயிலில் மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளும் என்பதால் திருகுத் துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போட வேண்டும். மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டு மனையில் விழக்கூடாது. பீலி வைத்து உங்கள் லொங்காங்குக்கே (வாசல் வடிகாலுக்கே) இறக்குங்கள்.

கட்டட அமைப்பைத் தொடும் எந்த வேலைக்கும் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சியின் அனுமதி தேவை. சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். கேட்டுக்கு வெளியே உள்ள லொங்காங்கும் ஓரமும் உங்களுடையதல்ல. அதன்மேல் டைல்ஸ் பதித்தால் ஒருநாள் உடைக்கச் சொல்வார்கள். தெனாகா மின்சார மீட்டரை அழகுப் பலகைக்குப் பின்னால் மறைக்காதீர்கள். பல வீடுகளில் டிபி பெட்டியும் (மின் பகிர்வுப் பெட்டி) கதவுக்கு மேலேயே இருக்கும்; அதன் கீழே முழு உயர அலமாரி வைத்தால் மின்சாரம் அறுந்த இரவில் நாற்காலி தேட வேண்டிவரும்.

வாசல் விளக்குக்கு 3000 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. ஏழு வாட் போதும். வெள்ளை விளக்கை நோக்கி மழை விட்ட மாலையில் ஈசல் படையெடுக்கும், ஈசலைத் தேடிப் பல்லி வரும், பல்லி விளக்குக் கூட்டுக்குள் குடியிருக்கும். மூடிய, தண்ணீர் புகாத வகை, ஐபி65 என்று அச்சிட்டிருக்கும். புது வயர் இழுப்பதானால் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

செருப்பு அலமாரியைத் துகள் பலகையில் வாங்காதீர்கள். ஈரக்காற்றிலேயே விளிம்பு ஊதிவிடும். அலுமினியம் அல்லது பிவிசி, ஆழம் 14 அங்குலம், கதவில் காற்றுச் சட்டங்கள், தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கிய கால். அதைவிட எனக்குப் பிடித்தது சிமெண்டுத் திண்ணை: 17 அங்குல உயரம், 16 அங்குல ஆழம், அடியில் செருப்புக்கு இடம், மேலே உட்கார்ந்து பூட்ஸ் கழற்றலாம். தோட்டத்து வேலை பூட்ஸைத் தலைகீழாக மாட்ட ஒரு இரும்புக் கம்பி வேண்டும். நிமிர்த்தி வைத்த பூட்ஸுக்குள் பூரானும் தேளும் ஒண்டும். செம்பனை ஓரத்து வீடுகளில் எலியைத் தேடிப் பாம்பும் வரும். பூட்ஸ் கழுவும் குழாயைத் திண்ணைக்கு முன்னாலேயே, கேட் பக்கம், பதினெட்டு அங்குல உயரத்தில் வையுங்கள். அதன் தண்ணீர் நேராக லொங்காங்குக்குப் போகட்டும்.

உருளியில் பூ மிதக்க விடுவது அழகு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் ஒட்டித்தான் ஆகும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் இருமுறை விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சட்டித் தட்டும் அப்படியே. லார்வா கண்டால் சுகாதார அதிகாரிகள் 500 ரிங்கிட் அபராதம் எழுதலாம். துளசிக்கு நேர் வெயில் வேண்டும். அவ்னிங்குக்கு அடியில் வைத்தால் நெட்டையாக வெளிறி நிற்கும். கறிவேப்பிலையைத் தொட்டியிலேயே வையுங்கள், பக்கவேர் விட்டுத் தரையைத் தூக்கும்.

மாவிலைக்கும் தோரணத்துக்கும் நிலையில் ஆணி அடிக்க வேண்டாம். ஒவ்வோர் ஆணியும் தண்ணீர் இறங்கும் வழி. நிலைக்கு மேல் சுவரில் அரை அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய் ஒன்றை நிரந்தரமாகப் பதித்துக் கொக்கி மாட்டுங்கள். கேட் தூண்கள் இரண்டிலும் இரண்டடி, ஐந்தடி உயரத்தில் வளையம் பற்றவைத்துவிட்டால் விசேஷத்துக்கு வாழைமரம் கட்டக் கயிறு தேடி அலைய வேண்டியதில்லை.

கிரில் செய்யக் கொடுக்கும்போது இரண்டு கதவாகவும், இரண்டும் முழுதாகத் திறக்கும்படியும் சொல்லுங்கள், திறப்பு நான்கு அடிக்குக் குறையாமல். கல்யாணச் சீர், சோபா, குளிர்பெட்டி மட்டுமல்ல, கடைசி யாத்திரையும் இந்த வழியாகத்தான் போகிறது. அப்போது ஒற்றைக் கதவைக் கழற்றிக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம். பற்றவைத்த இடங்களில் துத்தநாகப் பிரைமர் போட்ட பிறகே பெயின்ட். துரு எப்போதும் அங்கிருந்துதான் கிளம்பும். பூட்டின் சாவிக்கு உள்பக்கச் சுவரில் ஒரு கொக்கி, கிரில்லிலிருந்து கை நீட்டி எட்டாத தூரத்தில், குழந்தைக்கும் தெரிந்த இடத்தில். தீப்பிடித்தால் வெளியே ஓட வேண்டிய வாசலும் அதுதான்.